டிம் லைற் எந்தப் பக்கம் சாயுது?

போன ஆவணியில் லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவர் எங்கட வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினார். அவருடைய மோட்டார் சைக்கிளின் முன் லைற். கண்ணாடியில் ஒரு பக்கமாகக் கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. பாரிஸ் லா சப்பலில் மாணிக்க விநாயகர் தேருக்குப் போறார். ஃபோக்ஸ்டனில் பைக்கை ரயிலில் ஏற்றி, கலேயில் இறக்கி, அங்கிருந்து ஓட்டம். கனகராயன்குளத்தில் படத்தைப் பார்த்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இருக்கிற வெளிச்சத்தையும் ஏன் மறைக்கிறான்?"

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா மட்டும் வேற கேள்வி கேட்டா. "அங்கயும் பிளேன் வருதோ பிள்ளை?"

சிரிச்சம். பேந்து சிரிக்க ஏலாமல் போச்சு. லைற்றை மறைக்கிறதெண்டால் என்னவெண்டு வன்னியில் வயது போன ஆக்களுக்கு நல்லாத் தெரியும். பெற்றோல் இல்லாத காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின பைக்குகள். அதுகளின் லைற்றில் கறுப்பு மை பூசி, நடுவில் ஒரு கீறல் மட்டும் விட்டு ஓடினதை அம்மம்மா சொல்லுவா. சத்தம் கேட்டால் அந்தக் கீறலையும் அணைச்சுப்போட்டு மரத்துக்குக் கீழ நிக்கிறது. 1997 மே மாதம் ஜெயசிக்குறு தொடங்கின பிறகு ஏ9 வீதியை அண்டின இந்த ஊர்களில் இரவில் வெளிச்சம் போடுறதெண்டால், நாங்கள் இங்க நிக்கிறம் எண்டு மேல பறக்கிறவனுக்குச் சொல்லுற மாதிரி.

மச்சான் மறைத்ததற்குக் காரணம் எதிரில் வாற ஆள். இதை அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான் நாங்களே ஒழுங்காகப் படிச்சம்.

டிம் லைற் நேராக அடிக்கிறதில்லை. ஹை பீம் போட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் போகும். டிம்முக்கு மாற்றினதும் மேல் விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். இடப்பக்கம் ஓடுற நாட்டு லைற்றில் அந்த விளிம்பு இடது கரையை நோக்கி 15 பாகை சரிவில் மேல ஏறும். வலப்பக்கம், அதாவது எதிரில் வாறவரின் பக்கம், தாழ்ந்தே இருக்கும். கரையால் நடந்து போற ஆள், படுத்திருக்கிற மாடு, வீதிப் பலகை எல்லாம் தெரியவேணும். எதிரில் வாறவரின் கண் கூசக்கூடாது. ஒரே பல்பிலிருந்து இரண்டையும் எடுக்க அவங்கள் கண்டுபிடிச்ச வழி இது. ஐரோப்பாவில் 1957 அளவில் வந்தது.

சிக்கல் எல்லை தாண்டும்போது வருது. இங்கிலாந்தும் எங்களைப் போல இடப்பக்கம். பிரான்ஸ் வலப்பக்கம். லண்டன் லைற்றை அப்படியே பிரான்சில் கொண்டு ஓடினால், கரைக்கு ஏறவேண்டிய அந்தச் சரிவு நேரே எதிரில் வாறவரின் கண்ணுக்கு ஏறும். பிரான்சில் மோட்டார் சைக்கிள்காரர் பகலிலும் டிம் போட்டுத்தான் ஓடவேணும், ஆனபடியால் 'நான் இரவில ஓடமாட்டன்' எண்டும் தப்ப ஏலாது. அந்தச் சரிவை உண்டாக்கிற இடத்தைத்தான் ஸ்ரிக்கர் மறைக்குது. கறுப்பு ரேப்பை அளவாக வெட்டி ஒட்டினாலும் வேலை நடக்கும். ஆனால் பிளாஸ்டிக் கண்ணாடியில் கண்ட ரேப்பையும் ஒட்டினால் சூட்டில் பசை இளகிப் படிஞ்சுபோகும்.

எங்க ஒட்டுறது எண்டது லைற்றைப் பொறுத்தது. பழைய லைற்றுகளில் முன்கண்ணாடியிலேயே வரி வரியாகக் கோடு இருக்கும். வெளிச்சத்தைத் திருப்புறது அந்தக் கோடுகள்தான். இப்போதைய பைக்குகளில் கண்ணாடி வெறுமையாக இருக்கும், உள்ளே இருக்கிற தெறிப்பிதான் வடிவம் கொடுக்கும். அதில் குத்துமதிப்பாக ஒட்டினால் பிழைச்சுப்போகும். மதிலில் லைற்றை அடிச்சு, கண்ணாடியைக் கையால் இங்கயும் அங்கயும் மறைச்சுப் பார்த்து, எந்த இடத்தை மறைக்கச் சரிவு காணாமல் போகுது எண்டு பிடிக்கவேணும். சில விலை கூடின லைற்றில் இடம் வலம் மாற்ற உள்ளுக்கே ஒரு நெம்பு இருக்கு.

'பல்பைத் திருப்பிப் போட்டால் சரி' எண்டு ஒரு நண்பன் சொன்னான். எச்4 பல்பில் மூன்று காது இருக்கும், ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். முழு லைற்றையும் கீழே இறக்கிவிடலாம் எண்டது இன்னொரு யோசனை. கூசுறது குறையும்தான். ஆனால் தனக்கு முன்னால் இருக்கிற குழியும் தெரியாது. அது அரைகுறை வைத்தியம்.

மச்சானுக்கு இந்த ஸ்ரிக்கர் தேவைப்படாமலும் இருந்திருக்கலாம். சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கு இரண்டு பக்கமும் சமமாக வெட்டின டிம்மும் உண்டு. மதிலில் விளிம்பு படுத்த கோடாக விழுந்தால், எந்த நாட்டுக்கும் அப்படியே ஓடலாம்.

ஒரு பைக்குக்கு ஒரு ஸ்ரிக்கர் லேசு. சுவீடன் ஒரு முழு நாட்டுக்கும் செய்தது. 1967 செப்டெம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியப்பறம் 5 மணிக்கு அந்த நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. வீதிப் பலகைகள், பஸ் கதவுகள் எல்லாத்தோடையும் வாகனங்களின் லைற்றையும் மாற்றவேண்டியிருந்தது. பிரான்சின் கதை வேறு. 1993 வரைக்கும் அங்க வாகனங்களுக்கு மஞ்சள் லைற்தான். எண்பதுகளில் போய் இறங்கின எங்கட ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, அந்த மஞ்சள் ஞாபகம் இருக்கும்.

எங்கட சனம் சிதறின நாடுகளை இந்தக் கண்ணால் பார்த்தால் குடும்பங்களே வீதியின் இரண்டு பக்கமும் நிக்குது. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர், இந்தியா இடம். கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே வலம். ஒரு அம்மாவுக்கு மூத்தவன் பாரிஸில் வலப்பக்கம் ஓடுறான், இளையவள் மெல்பேணில் இடப்பக்கம் ஓடுறாள்.

சரி, இந்தியாவிலிருந்து வாற எங்கட பைக்குகள் பிறக்கும்போதே எங்கட பக்கத்துக்குத்தான் பிறக்குது. ஒரு ஸ்ரிக்கரும் தேவையில்லை. பிறகு ஏன் ஏ9 வீதியில் இரவில் கண்ணைத் திறக்க ஏலாமல் இருக்கு?

நாங்கள் கம்பஸிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வாறனாங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல. முறிகண்டியில் கற்பூரம் கொளுத்தி, மாங்குளம் தாண்டினால் வீதி இருட்டு, நேர் வீதி. நேர் வீதியெண்டால் எதிரில் வாற லைற் நிமிசக் கணக்காகக் கண்ணுக்குள்ளேயே நிக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தம். பைக்கின் லைற் நிலத்திலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரம் எண்டு வையுங்கோ. சரியாக வைத்த டிம், மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் இறங்கிக்கொண்டு போகும். 10 மீற்றர் தள்ளியிருக்கிற மதிலில் 80 சென்ரிமீற்றரில் கோடு விழும். இப்ப பின்னுக்கு ஒரு ஆளும் அரை மூட்டை அரிசியும் ஏறுது. முன்பக்கம் அப்படியே நிக்க, பின்பக்கம் 5 சென்ரிமீற்றர் தாழுது. இரண்டு சில்லுக்கும் இடைத்தூரம் 130 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால் இறங்கவேண்டிய வெளிச்சம் மீற்றருக்கு 2.8 சென்ரிமீற்றர் வீதம் மேல ஏறுது. 25 மீற்றரில் அது 160 சென்ரிமீற்றர் உயரத்தில் நிக்கும். எதிரில் பைக்கில் வாறவரின் கண் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். ஓடுறவர் டிம் போட்டிருக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு ஓடுறார். அது பொய்யுமில்லை.

கம்பனி லைற்றை வைக்கும்போது ஒரு ஆள் ஏறுவார் எண்டு நினைச்சு வைச்சிருக்கலாம். எங்கட ஊரில் பைக்கில் மூன்று பேர் போறதும், சீற்றுக்கு மேல உர மூட்டை போறதும் சாதாரணம்.

அதோட எல்.ஈ.டி பல்ப். பழைய பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு மறைப்பு இருக்கும். அந்தக் கத்தி விளிம்பை வெட்டுறது அதுதான். மலிவு எல்.ஈ.டியைக் கொண்டுவந்து அதே கூட்டுக்குள் செருகினால், வெளிச்சம் பிறக்கிற இடமே மாறிப்போகும். விளிம்பு உடைஞ்சு எல்லாப் பக்கமும் சிதறும். ஓடுறவருக்கு 'பளிச்' எண்டு இருக்கும். 2025 தொடக்கத்தில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிகச் சோடனைகளையும் லைற்றுகளையும் பொலிஸ் கழற்றச் சொன்னபோது கனபேர் கோவப்பட்டார்கள். சோடனைக் கதையில் எங்களுக்கும் இரண்டு மனம்தான். லைற் விசயத்தில் இல்லை.

எங்களுக்கு இரண்டு வகுப்பு மேல படிச்ச அண்ணா ஒருவர். மாசி மாதம், அறுவடை நேரம். வீதிக்கரையில் நெல் மூட்டையோட நிண்ட உழவு மிசின் பெட்டியில் பின் லைற் இல்லை. எதிரில் ஒரு வாகனம் முழு வெளிச்சத்தோட வந்தது. அது அவரைக் கடந்துபோன அடுத்த கணம் அண்ணா பெட்டியில் அடிபட்டார். மணிக்கு 60 கிலோமீற்றரில் போற பைக், கண் தெளியிற மூன்று செக்கனில் 50 மீற்றர் ஓடிப்போகும். அந்த 50 மீற்றருக்குள்தான் பெட்டி நிண்டது. எதிரில் வந்த வாகனம் ஒன்றிலும் முட்டேல்லை. அது அதுபாட்டுக்குப் போயிட்டுது. ஓடினவருக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாமலே இருக்கலாம். அண்ணாவின் அம்மா உழவு மிசின்காரரோட மட்டும்தான் கதைக்கிறேல்லை.

மச்சானின் படத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, ஊரில் பைக் திருத்துற கடைக்கார அண்ணாவிடம் கேட்டு, அவருடைய மதிலில் சோக்கால் 80 சென்ரிமீற்றரில் ஒரு கோடு கீறினம். 10 மீற்றர் தள்ளி பைக்கை நிப்பாட்டி, வழமையாக ஏறுற ஆக்களை ஏற்றி இருத்தி, காற்றும் சரியாக அடிச்சு, பிறகு திருப்புளியைப் பிடிச்சம். சில பைக்கில் லைற் கூட்டுக்குக் கீழே ஒரு போல்ட், சிலதில் பக்கத்தில் ஆணி. பின் சொக் அப்சோபரை ஒரு படி இறுக்கினதிலேயே இரண்டு பைக் சரிவந்திட்டுது. வந்தது ஒன்பது பைக். ஆறின் வெளிச்சம் கோட்டுக்கு மேலதான் நிண்டது.

ஒரு மாமா மட்டும் விடமாட்டன் எண்டார். "கீழ இறக்கினால் எனக்கு என்னத்தையடா தெரியும்? மாடு படுத்திருக்கும், யானை நிக்கும்." அவர் சொல்லுறதிலும் ஞாயம் இருக்கு. இரவில் காட்டுக்கரையால் வயலுக்குப் போறவர். ஒருத்தரும் இல்லாத நேரம் ஹை போடுங்கோ மாமா, எதிரில ஆள் வந்தால் டிம்முக்கு மாத்துங்கோ எண்டம்.

"மாத்துறதுக்கு சுவிச் வேலை செய்யவேணுமே," எண்டார்.

அழுத்திப் பார்த்தம். உண்மைதான். இரண்டு வருசமாக ஹையில் மட்டும் ஓடியிருக்கிறார். மாங்குளத்தில் விசாரிச்சம், அந்த மொடலுக்குச் சுவிச் இல்லையாம். கடைக்கார அண்ணா வவுனியாவுக்குச் சொல்லி விட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும். அதுவரைக்கும் இருட்டினால் தான் வெளிக்கிடேல்லை எண்டு மாமா சொல்லியிருக்கிறார்.