எங்கள் வீட்டுக்குச் சக்கரம் முளைத்த கதை

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மம்சாபுரம்)



'கேரவன்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது திரைப்பட நடிகர்களின் குளிரூட்டப்பட்ட பெரிய வண்டிதான். கட்டிலும் கண்ணாடியும் கழிவறையும் கொண்ட அந்த நடமாடும் வீடு நமக்கு எட்டாத செல்வம் என்றே எண்ணிவிடுகிறோம். ஆனால் வண்டியை வீடாக்கும் வித்தை நம் பக்கத்துக்குப் புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் மம்சாபுரத்தில், வயதானவர்களைக் கேட்டால் கூண்டு வண்டிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆடிப்பூரத் தேரோட்டம் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினால், வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரிப்பார்கள். அச்சுக்கு அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். கட்டுச்சோறு உள்ளே இருக்கும். மழை வந்தால் கூண்டே கூரை. இரவு வந்தால் வண்டியே படுக்கை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை தயாரிப்பதும், தேய்ந்த கடையாணியை மாற்றுவதும் வீட்டு ஆட்களின் வேலைகள். அதற்கென்று பட்டறையைத் தேடி யாரும் ஓடவில்லை.

அந்தக் கூண்டு வண்டிகளில் போய் வந்தவர்களில் என் அப்பத்தாவும் ஒருவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் முற்றத்தில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறார். ஆனால் பேருந்தின் படி அவருக்கு மலை. காரில் காலை மடக்கி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் வலி தாங்காது. இவை இரண்டையும்விடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு. வழியில் சிறுநீர் கழிக்க இடமிருக்காதே என்று அஞ்சி, மருத்துவமனைக்குப் போகும் நாள்களில் முதல் நாள் இரவிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். தூத்துக்குடியில் அவருடைய அக்கா இருக்கிறார். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். "ஒரு தடவ முகத்தப் பாத்துட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு அப்பத்தா பேச்சை மாற்றிவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளம் கட்டடக் கலைஞர், ஓர் ஆட்டோரிக்‌ஷாவின் மேல் 36 சதுர அடியில் ஒரு வீட்டையே அமைத்திருந்தார். படுக்கை, சமையலிடம், குளியலறை, தண்ணீர்த் தொட்டி, சூரிய ஒளித் தகடு எல்லாம் அதில் உண்டு. இடித்த கட்டடங்களிலிருந்தும் பழைய வண்டிகளிலிருந்தும் கிடைத்த பொருள்களைப் பெரிதும் பயன்படுத்தியதால், செலவு ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாயில் முடிந்தது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் படங்கள் நாடெங்கும் பரவின. "மூன்று சக்கரத்தில் ஒரு வீடு நிற்குமென்றால், நான்கு சக்கரத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டில் நிற்காதா?" என்றார் அப்பா. தெரிந்த குடும்பத்தார் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்து நிறுத்திவிட்ட பழைய டீசல் வேன் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவும் துணைக்கு வந்தார்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நானும் தங்கையும் திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று பேசத் தொடங்கினோம். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "மொதல்ல கண்ணுக்குத் தெரியாத எடமெல்லாம் முடியட்டும்மா, தெரியிற எடத்தக் கடைசியில பாத்துக்கலாம்" என்றார். எங்கள் வேலை முழுவதற்கும் அந்த ஒரு சொல்லே வழிகாட்டியாக அமைந்தது.

முதல் வேலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை நம் விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. இருக்கையைக் கழற்றுவதும் அதில் அடங்கும். எனவே எதைச் செய்யலாம் என்று கேட்டு, முறையாக அனுமதி வாங்கிய பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுத்தோம்.

அடுத்து டயர். பட்டனெல்லாம் ஆழமாகத்தான் இருந்தன. பார்த்தால் புதியவை போலவே தோன்றின. ஆனால் டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு எண்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். '2319' என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். எங்கள் வண்டியின் டயர்களுக்குப் பத்து வயது கடந்திருந்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடைந்து, உள்ளுக்குள் வெடித்துப்போகும். ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் மாற்றினோம். பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் நாங்கள் கை வைக்கவில்லை. அவற்றை மெக்கானிக்கிடமே ஒப்படைத்தோம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் அதன் கொதிநிலை குறைந்து, மலை இறக்கத்தில் பிரேக் கைவிடக்கூடும் என்பதால் அதையும் மாற்றச் சொன்னோம். நம் கையால் செய்ய வேண்டியது எது, தேர்ந்தவரிடம் விட வேண்டியது எது என்று பிரித்தறிவதும் ஒரு தொழிலறிவுதானே!

பிறகு கூரை. ஐப்பசி மழையில் ஒழுகுகிற வண்டிக்குள் நோயாளியைப் படுக்கவைக்க முடியுமா? ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையைச் சித்தப்பா கற்றுக்கொடுத்தார். ஒருவர் வெளியே குழாயைப் பிடித்துக்கொண்டு, கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே தண்ணீர் விட வேண்டும். இன்னொருவர் உள்ளே சாக்பீஸோடு உட்கார்ந்து, ஈரம் முதலில் எட்டிப்பார்க்கும் இடத்தில் குறியிட வேண்டும். எடுத்தவுடன் உச்சியில் தண்ணீரைக் கொட்டினால் அது எங்கெங்கோ ஓடி, ஓட்டை ஓரிடத்திலும் சொட்டு வேறிடத்திலுமாக ஏமாற்றிவிடும். ஏழு இடங்களில் குறியிட்டேன். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசினோம். இணைப்புகளில் அடைப்புப் பசையைத் தடவி, அது காயுமுன் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை மேலே ஒட்டி, மறுபடியும் பசை பூசினோம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் நெய்யப்படும் அந்தத் துணி மனிதர் காயத்துக்கு மட்டுமன்றி, வண்டியின் காயத்துக்கும் உதவியது. கடைசியில் கூரைக்கு வெள்ளை வண்ணம். அது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால், உள்ளே வெக்கை குறைந்தது.

மின்சார வேலையில் எங்கள் இயற்பியல் ஆசிரியை கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1200 வாட்-மணி ஆற்றல் இருக்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே தீரவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே நமக்குரியது 600. ஒரு 20 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓட 200. இரண்டு 5 வாட் விளக்குகள் நான்கு மணி நேரம் எரிய 40. ஓர் இரவுக்கு 240 என்றால் இரண்டு இரவுக்குக் கவலையில்லை. கூரையில் வைத்த 100 வாட் சூரியத் தகடு, நல்ல வெயில் நாளில் இதைப் பகலிலேயே ஈடுகட்டிவிடும். இன்னொன்றும் கற்றேன். 60 வாட் சாதனம் வீட்டின் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் அளவுதான் இழுக்கும். 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியர் இழுக்கும். வீட்டு வயரிங்கைப் பார்த்து மெல்லிய கம்பி போட்டால் அது சூடேறித் தீப்பிடிக்கும். எனவே தடித்த கம்பியும், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸும் வைத்தோம்.

உள்ளே ஆறடிக்கு இரண்டரை அடியில் ஒரு கட்டில். அதன் அடியில் பெட்டிகள். எல்லாவற்றையும் தரைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினோம். திடீரென்று பிரேக் போட்டால் இறுக்காத பொருள் எதுவும் எறிகல்லாகிவிடும். கட்டில், வண்டி நிற்கும்போது படுக்க மட்டுமே. ஓடும்போது அப்பத்தா பெல்ட் போட்ட சாய்வு இருக்கையில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாற்பது லிட்டர் தண்ணீர் என்றால் நாற்பது கிலோ. ஆகவே அந்தக் கேனைக் கூரையில் ஏற்றாமல், வண்டியின் நடுவில் தாழ்வாக வைத்தோம். அடுப்பை உள்ளே பற்றவைப்பதில்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். மூடிய வண்டிக்குள் அடுப்பெரித்தால், வாசனையில்லாத நச்சுக் காற்றும் உண்டாகலாம். சமைக்க வேண்டுமானால் வெளியே மரத்தடியில்தான்.

எல்லாவற்றிலும் எங்களை அதிகமாக யோசிக்க வைத்தது கழிவறை. திரை மறைவில், பிடித்து எழக் கைப்பிடியோடு ஒரு நாற்காலிக் கழிப்பிடம்; அதன் கீழே இறுக்க மூடும் வாளி; பக்கத்திலேயே மர அறுவை மில்லிலிருந்து வாங்கிய தூள். உபயோகித்ததும் ஒரு கொட்டாங்கச்சித் தூளைப் போட்டால் ஈரமும் நாற்றமும் அடங்கிவிடும். "இத வழியில எங்கயும் கொட்டக்கூடாது. கழுவ ஆள் கூப்பிடவும் கூடாது. நம்ம வீட்டு வாளி, நம்ம கைதான்" என்றார் அம்மா. அந்த வேலைக்கு அப்பா, அம்மா, நான், தங்கை என்று முறை வைத்துக்கொண்டோம். வாசலில் தாழ்வான மடக்குப் படியையும் இருபுறமும் பிடிகம்பிகளையும் சித்தப்பா பற்றவைத்துக் கொடுத்தார். அப்பத்தாவின் கையை நீட்டச் சொல்லி, அளவெடுத்து வைத்த கம்பிகள் அவை.

தை மாதத்தில் ஒரு விடியற்காலையில் புறப்பட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி தாண்டிச் சாத்தூருக்கு வந்து, சாலையோரத்தில் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினோம். அம்மா நீட்டிய செம்பை வாங்கி, அப்பத்தா ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தண்ணீரைக் குடித்தார். பயண நாளில் அவர் தாகம் தீரக் குடித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும் வேறு பக்கம் திரும்பி, டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி சேர்ந்தால், பெரிய அப்பத்தாவின் வீட்டுக்கு ஏழு உயரமான படிகள்! ஏற வழியில்லை. ஆனால் அதற்காக யாரும் வருந்தவில்லை. அக்காவே எங்கள் மடக்குப் படியில் ஏறி, வேனுக்குள் வந்துவிட்டார். கட்டிலில் இருவரும் அருகருகே உட்கார்ந்து, இருட்டும்வரை பேசித் தீர்த்தார்கள். வீட்டுக்குள் போக முடியாதவரைத் தேடி வீடே வந்தது போலிருந்தது.

தோழியரே, தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் பெண்கள் எங்கள் வீட்டில் மட்டுமா இருக்கிறார்கள்? புனே நகரில் 2016ஆம் ஆண்டு முதல், ஓய்வுபெற்ற நகரப் பேருந்துகளைப் பெண்களுக்கான கழிவறைகளாக மாற்றி, மராத்தியில் 'அவள்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். 2020ஆம் ஆண்டில் பெங்களூரின் பேருந்து நிலையத்திலும் ஒரு பழைய அரசுப் பேருந்து அவ்வாறே உருமாறியது. அதற்கும் முன்பே, 1991ஆம் ஆண்டில், ரயில் பெட்டிகளை மருத்துவமனையாக மாற்றியமைத்து, 'ஜீவன் ரேகா' என்ற பெயரில், மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அனுப்பினார்கள். கண்புரையும் பிளவுபட்ட உதடும் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே குணமாக்கப்பட்டன. இந்த வண்டிகளை மாற்றியவர்கள் அனைவரும் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி, 'இதற்குள் வரப்போகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும்?' என்பதாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் போல்ட்டும் பசையும் பெயிண்டும் தாமே தத்தம் இடத்தில் வந்து அமர்கின்றன.

எங்கள் வண்டியில் செய்வதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பின் கதவு மூடும்போது முனகுகிறது. திரைச்சீலையும் இன்னும் வாங்கவில்லை. அப்பத்தாவின் பழைய நூல் சேலை ஒன்றுதான் இப்போது தொங்குகிறது. கம்பி பிரஷ் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை காய்த்துவிட்டது. ஆனால் ஸ்பானர் பிடிக்கத் தெரியாத பெண் என்று இனி என்னை யாரும் சொல்ல முடியாது! நீங்களும் ஒன்று செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் இருப்பது மொபெட்டோ காரோ எதுவானாலும், அதன் டயரில் அந்த நான்கு எண்களைத் தேடிப் படியுங்கள். பிறகு, வீட்டில் நெடுநாளாக எங்கும் போகாமல் இருப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்து, ஏன் போகவில்லை என்று அவரிடமே கேளுங்கள்.