மூளையின் அண்டை வீடு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ரமளான் மாதத்துப் பிற்பகல். கிணத்துக்கடவில் நமது இல்லத்தில், அஸர் தொழுகைக்கு ஒளுச் செய்ய எழுந்த அத்தா, வழி தவறியவர் போலச் சமையலறை வாயிலில் நின்றுவிட்டார்கள். நெற்றியெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம். நெடுநாளாய்ச் சர்க்கரை நோய் உள்ளவர்கள். சஹரில் வழக்கமான மாத்திரையும் உட்கொண்டிருந்தார்கள். சற்றுப் படுக்கச் சொன்னோம், காரணமின்றிச் சினந்தார்கள். நோன்பின் களைப்பென்றே நாம் எண்ணினோம்.

அந்நேரம் வந்த எதிர்வீட்டு அம்மையார், தம் கணவரிடம் இதே நிலையைக் கண்டிருந்தவர். "இது பசிக் களைப்பில்லீங்க, சர்க்கரை எறங்கிப் போச்சுங்க" என்றவர், அத்தா மறுத்தும் விடாமல் சர்க்கரை கரைத்த நீரைப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் அத்தா தெளிந்தார்கள். "நோன்பை முறிச்சுட்டீங்களேப்பா, ஏன்?" என்பதே அவர்களின் முதற் கேள்வி. தாம் சினந்ததும் மறுத்ததும் அவர்கள் நினைவிலேயே இல்லை.

அக்கேள்விக்கு விடை தேடிப் படித்தபோதுதான் மூளை பசிக்கும் விதம் நமக்கு விளங்கிற்று.

உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்குச் சுமார் 20 பங்கை அதுவே கொள்கிறது. அதன் தலையாய உணவு, இரத்தம் கொணரும் குளுக்கோஸ். அதிலிருந்தே ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளை அணுக்கள் ஆக்கிக்கொள்கின்றன. 1929-இல் அப்பொருளைக் கண்டறிந்தோருள், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டு சென்ற எல்லப்பிரகடா சுப்பாராவும் ஒருவர்.

நரம்பணுக்களிடம் இருப்பு மிகச் சொற்பம். அவற்றைப் பேணுபவை விண்மீன் வடிவான துணையணுக்கள். ஒருபுறம் இரத்தக் குழாயைத் தழுவி, மறுபுறம் நரம்பணுவைத் தொட்டு நிற்கும் இவை, குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றி அண்டை அணுவுக்கு வழங்குகின்றன என்று 1994-இல் பெல்லரின், மாஜிஸ்ட்ரெட்டி இருவரும் கூறினர். எவ்வளவு வழங்குகின்றன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மூளையின் சிறிதளவு கிளைக்கோஜன் சேமிப்பும் பெரும்பாலும் இவற்றிடமே உள்ளது. ஒரே கிணற்று நீரை முறைவைத்துப் பாய்ச்சும் நம் ஊர்ப் பங்காளிகளை இங்கே நினைக்கலாம். கிணறே வற்றினால் பங்கு ஏது?

நலமுள்ளோர்க்கு அக்கிணறு எளிதில் வற்றுவதில்லை. நோன்பு வேளையில் கல்லீரல் தன் சேமிப்பை இரத்தத்தில் விடுகிறது. பட்டினி பல நாள் நீண்டால், கொழுப்பிலிருந்து பிறக்கும் கீட்டோன்கள் மூளைக்கு உணவாகின்றன என்பதை 1967-இல் ஜார்ஜ் கேஹிலின் குழுவினர் காட்டினர். ஆனால் இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் குளுக்கோஸை விரைவாய்த் தாழ்த்திவிடக்கூடும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பர் மருத்துவர். இன்னும் தாழ்ந்தாலோ, அதைத் தீர்மானிக்க வேண்டிய மூளையே தடுமாறிவிடுகிறது. அன்று மறுத்தது அத்தாவின் மன உறுதி மட்டுமன்று, பசித்த மூளையுமாகும்.

நோயாளிகள் வேறு நாள்களில் நோற்கத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் சலுகை தந்திருக்கிறது. அதை எண்ணிப் பார்க்கும் தெளிவு அவ்வேளையில் நோயாளிக்கு இராது. உடனிருப்போர்க்கு இருத்தல் வேண்டும். ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டறிவதும் நம் கடமையே.

இவற்றை விளக்கியபோது அத்தா நெடுநேரம் மௌனமாயிருந்தார்கள். அடுத்த ரமளானுக்கு முன் மருத்துவரிடம் தாமே புறப்பட்டார்கள். அவ்வாண்டு முதல், பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியில் முதற் பங்கு எதிர்வீட்டுக்குப் போகிறது.