நடையும் ஒரு மருந்தே

நீரிழிவு வந்தவர்களுக்கு ஊரில் இலவசமாகக் கிடைக்கும் உபதேசம் ஒன்று உண்டு. "நன்றாக நடவுங்கள்!" என்பதே அது. ஏன் நடக்க வேண்டும், எப்பொழுது, எவ்வளவு என்று கேட்டால், உபதேசித்தவர் மெல்ல நழுவி விடுவார். செங்கற்பட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கோ, காரணம் தெரியாமல் எதையும் ஒப்புக்கொள்ளும் வழக்கமில்லை. ஆகவே, இவ்வியாதி நம்மையும் தேடி வந்தபோது, வைத்தியரைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்ததை நேயர்களுக்குச் சொல்லுகிறோம்.

உபதேசம் புதிதன்று. பொருளில்லாத மேக நோயாளி, செருப்பும் குடையுமின்றி நூறு யோசனை தூரம் நடக்க வேண்டுமென்று சுசுருத சம்ஹிதை விதிக்கிறது. நம் காலத்தில் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, 2006-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பிரித்து, சுமார் மூன்று வருஷ காலம் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேரை வியாதி பற்றியது. உணவைத் திருத்தி, நடையையும் கைக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேரைத்தான் பற்றியது.

இதன் இரகசியம் தசையில் இருக்கிறது. ஓய்ந்திருக்கும் தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். உழைக்கும் தசையோ இன்சுலினுக்குக் காத்திராமல், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக் கொள்கிறது. நடந்து முடிந்த பின்னும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரையில் தசை இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது. அதற்குமேல் பலன் தேய்ந்துவிடும். ஆகையால், ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரக் கடற்கரையில் நான்கு மைல் நடந்துவிட்டு, வாரம் முழுவதும் நாற்காலியில் சாய்ந்திருப்பதைவிட, தினந்தோறும் கொளவாய் ஏரிப் பக்கம் அரை மணி நேரம் நடப்பது மேல்.

மருந்தென்றால் அளவும் பத்தியமும் வேண்டுமல்லவா? நம் நண்பர் ஒருவர் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, ஆகாரம் உண்ணாமல் திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளில் ஏறினார். பாதி வழியில் கை நடுங்கி, உடல் வியர்த்து, கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு அம்மாள் கொடுத்த கற்கண்டுதான் அவரைக் காத்தது. இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் உட்கொள்வோருக்கு, உழைப்பினால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அவர்கள் சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலமின்றிப் புறப்படலாகாது. எதிரிடையாக, மூச்சு வாங்க ஓடினால் கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிட, அளவு சற்று நேரம் ஏறுவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

செருப்பின் விஷயத்தில் மட்டும் சுசுருதரை மீறத்தான் வேண்டும். நாட்பட்ட நீரிழிவில் பாதம் மரத்துப் போகும். கடற்கரையின் சுடுமணல் சுட்டது தெரியாது, கொப்புளம் புண்ணாகும், புண் காலையே கொண்டுபோய்விடலாம்.

மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுப் பாறையில் ஒருவர் ஒற்றைக்காலில் நின்று தவம் புரிகிறார். கீழே ஒரு பூனையும் அவரைப்போல் பாவனை செய்கிறது. புதுச் செருப்பு வாங்கி இரண்டே நாள் நடந்து ஓய்கிறவர்களின் விரதம் அந்தப் பூனையின் தவத்தைச் சேர்ந்தது. மெய்யான தவத்துக்கு ஒற்றைக்கால் வேண்டாம். இரண்டு காலும், தினம் அரை மணி நேரமும் போதும்.