மொட்டை முனை

கவ்வாத்துக் கத்தி ஒன்றைத் தணலிலிருந்து எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தவர், நான் நீட்டியதைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார். மாத்தளை நகரில் ஓர் ஒடுங்கிய கொல்லுப்பட்டறை. தோட்டங்களில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்திகள்தான் அவருக்குப் பாதி வேலை. மீதி, மண்வெட்டியும் கோடரியும்.

நான் கொண்டுபோனது அப்பப்பாவின் மடக்கெழுத்தாணி. யாழ்ப்பாணத்தில் அவர் பரியாரியார்; வாகடச் சுவடிகளைப் படியெடுக்க வைத்திருந்தது. பித்தளைப் பிடி, ஒரு முனையில் கத்தி, மறு முனையில் எழுத்தாணி. மடக்கினால் இரண்டும் பிடிக்குள் அடங்கிவிடும். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்று வேறு வகைகளும் உண்டு. மடியில் செருகிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவருக்கு மடக்குத்தான் தோது. ஐரோப்பாவில் இறகுப் பேனாவைச் சீவப் பிறந்தது பேனாக்கத்தி. நம்மவர்கள் பேனாவையும் கத்தியையும் ஒரே பிடியில் குடிவைத்துவிட்டார்கள்.

“யாரு செஞ்சதுங்க ஐயா?”

“தெரியாது. நல்ல வேலைதானா என்று கேட்கத்தான் வந்தேன்.”

கூரைத் தொட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கத்தியைத் திறக்கவே இல்லை. மடங்கியபடியே பிடியின் விளிம்பில் பெருவிரலை ஓட்டினார். “நுனி விரல்ல தட்டக்கூடாதுங்க. தட்டுனா மடியக் கிழிச்சிரும்.” பிறகு நகத்தால் பாதி திறந்து, தலைகீழாகப் பிடித்து மெல்ல உதறினார். அலகு நின்ற இடத்திலேயே நின்றது. முழுக்க விரித்து இடம் வலமாக அசைத்தார். கடைசியாக வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பொளியின் வழியே பார்த்தார். அலகு எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் இறங்குகிறதா என்று பார்க்கிறாராம்.

“கூர் போனா தீட்டிக்கலாம். ஆட்டம் வந்துச்சுன்னா ஆணியத்தான் தட்டணும். ஒரு தட்டுக் கூடிப்போனா கத்தி தொறக்கவே தொறக்காது.”

வில்லுக்கத்தியில் வில் செய்யும் வேலையை இங்கே அந்த ஒற்றை ஆணியின் இறுக்கமே செய்கிறது. பிரான்ஸின் ஒப்பினல் கத்தியும் 1890இல் இப்படித்தான் தொடங்கியது. விரிந்த அலகைப் பூட்டும் வளையம் அதற்கு 1955இல்தான் வந்தது.

மறுமுனையைத் திறந்தவர் முகம் சுளித்தார். எழுத்தாணி நுனியை உள்ளங்கையில் அழுத்திக் காட்டினார். ஒரு புள்ளி வெண்மையாகப் பதிந்து மறைந்தது. “கத்தி சோக்கு. இது மொட்டையா இருக்கே. ஊசி மாதிரி தீட்டித் தரவா?”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சாணைக்கல்லைப் பார்த்ததும் ஏனோ மனம் வரவில்லை. “வரும்போது பார்ப்போம்” என்று வாங்கிக்கொண்டு அலுவிகாரைக்குப் பேருந்து ஏறினேன்.

ஏ-9 வீதியில் வடக்கே 3 கிலோமீற்றர்தான். வாய்மொழியாக வந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இந்தப் பாறைக் குகைகளில்தான் முதன்முதலாக ஓலையில் ஏறியது என்பது மரபு. இங்கிருந்த சுவடிகளில் பெரும்பகுதி 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்துபோயிற்று. இன்றும் வருகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுதுகிறவரிடம் என் மடக்கைக் கொடுத்தேன். சிங்களமும் தமிழும் கலந்து பேசினார்.

அவருடைய எழுத்தாணிக்குப் பெயர் பன்ஹிந்த. என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்து இரண்டு நுனிகளையும் நகத்தில் மாறி மாறி வைத்துப் பார்த்தார். “தீட்ட வேண்டாம் மாத்தயா.”

அவர் ஓலைக்கு வருவது தலப்பனையின் விரியாத குருத்து. அவித்து, வெயிலிலும் பனியிலும் காயவைத்து, வழுவழுப்பான கமுகந் தண்டில் இழுத்து இழுத்து மெருகேற்றிய ஓலை. ஊசிமுனை பட்டால் நரம்போடு கிழிந்துவிடும். எழுத்தாணி ஓலையைக் குத்தக்கூடாது, மேல்தோலை மட்டும் கீற வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நம் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தச் சங்கதி முழுவதும் இந்த நுனியில் இருந்தது.

இடது பெருவிரலை அண்டை கொடுத்து நான்கு எழுத்து எழுதினார். எதுவும் தெரியவில்லை. கரியும் எண்ணெயும் குழைத்துத் தேய்த்து, மாவால் துடைத்ததும் எழுத்துகள் கறுப்பாக எழுந்து நின்றன. வளைவுகள் சுத்தமாக இருந்தன. கோடு மட்டும் அவர் கருவி எழுதியதைவிட ஒரு மயிரிழை தடிப்பு. “இது பனையோலைக்குச் செய்தது. அது தடிப்பம். எங்கள் ஓலைக்கு மெல்லப் பிடிக்க வேணும்” என்றார். செய்தவர் ஊரை அந்த மயிரிழை சொல்லிவிட்டது.

பிறகு அவரே கத்தியை விரித்து ஓலையின் ஓரத்தை வாரினார். பாதியில் அலகு திக்கி, ஓரம் பிசிறடித்தது. “இதைத் தீட்டுங்கள்” என்று சிரித்தார்.

மாலையில் பட்டறைக்குத் திரும்பி அந்த ஓலைத்துண்டைக் கொல்லரிடம் கொடுத்தேன். எழுத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பித் தடவினார். பின்பக்கத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

“தோல மட்டும் கீறியிருக்கு” என்றார். “காலையில தீட்டியிருந்தேன்னா கெடுத்திருப்பேங்க.”

எழுத்தாணியைப் பிடிக்குள் மடக்கி, கல் அதில் படாதபடி பெருவிரலால் மூடிக்கொண்டு, கத்தியை மட்டும் தீட்டத் தொடங்கினார்.