தோத்தா யாருக்கு லாபம்?

போன மாதம் அம்மா பேங்க்குக்குப் போய் பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை பார்த்தாள். ‘‘ஏம்ப்பா, 399 ரூபா ஏழு தடவ போயிருக்கே... கரன்ட் பில்லா?’’

பி.காம். படித்தவன். மனக்கணக்கு உடனே வந்துவிட்டது. 2,793 ரூபாய். அப்பா போனபிறகு அம்மாவுக்கு வருகிற குடும்ப பென்ஷனிலிருந்து.

கரன்ட் பில் இல்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகன். பாட்டியின் போனில் கேம். பாட்டியின் ‘பின்’ நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதை செட் பண்ணிக் கொடுத்ததே அவன்தானே!

கோபத்தில் கை ஓங்கினேன் என்று எழுதினால் பொய். ஓங்கவில்லை. அதற்குக் காரணம் என் நல்ல மனசும் இல்லை. 1993-ல் இதே முத்தாபுதுப்பேட்டையில், இதே ஒன்பதாம் வகுப்பில், நான் வைத்த கடன் 85 ரூபாய். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு டி.வி. கேம் கடை இருந்தது. கடை என்றால் பெரிதாகக் கற்பனை வேண்டாம். ஒரு வீட்டின் முன் ரூம், இரண்டு போர்ட்டபிள் டி.வி., வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கு ஒரு பழைய போர்வை. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் கொண்டுவந்த ஃபேமிகாம் பெட்டியின் நகல்தான் அங்கே இருந்தது. ‘கேசட்’டின் மேல் ‘999999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே இருபது முப்பது கேம் தேறும். மற்றதெல்லாம் அதே கேம், வேறு வேறு நம்பரில். மக்கர் பண்ணினால் கேசட்டைக் கழற்றி ‘உஃப்’ என்று ஊதிவிட்டுப் போட வேண்டும். உங்களில் பலரும் ஊதியிருப்பீர்கள்.

மணிக்குப் பத்து ரூபாய். கையில் காசில்லை என்றால் கடைக்கார அண்ணன் நோட்டில் எழுதிக்கொள்வார்.

என் உயிர் ‘டேங்க்’ கேமில் இருந்தது. அதன் நிஜப்பெயர் ‘பேட்டில் சிட்டி’, நாம்கோ கம்பெனி 1985-ல் வெளியிட்டது என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். கீழே நடுவில் ஒரு கழுகு. அதைச் சுற்றிச் செங்கல் சுவர். ஒரு ஸ்டேஜுக்கு எதிரி டேங்க் 20. கழுகு போனால் ஆட்டம் க்ளோஸ். அதிலேயே ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒன்று உண்டு. சுவர்களை நாமே கட்டிக்கொள்ளலாம். கழுகைச் சுற்றி இரும்புச் சுவர் எழுப்பிவிட்டு நான் நிம்மதியாக ஆடுவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அவர் அங்கே நிஜ டேங்க் கட்டிக்கொண்டிருக்க, அந்தச் சம்பளத்தில் நான் இங்கே டேங்க் உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடித்து நேராகக் கடைக்கே வந்துவிட்டார். சைக்கிளை ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டதுமே எனக்குக் கை கால் உதறல். உள்ளே வந்தவர் இரண்டு நிமிடம் டி.வி.யையே பார்த்தார்.

‘‘ஏன்டா, இதுல டரட் தனியாத் திரும்பாதா?’’

திரும்பாது. அந்த கேமில் டேங்க் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் குண்டு போகும். நான் பேசாமல் நின்றேன். அப்பா கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

‘‘தம்பி, இவன் இதுல தோத்தா உனக்கு லாபமா?’’

அண்ணன் குழம்பிப்போனார். ‘‘இல்ல சார். தோத்தாலும் ஜெயிச்சாலும் மணிக்குப் பத்து ரூபாதான்.’’

‘‘அப்ப சரி’’ என்று 85 ரூபாயை எண்ணி வைத்தார். வீட்டுக்குப் போனதும் முதுகில் நாலு விழுந்தது. அது கடன் வைத்ததற்கு. விளையாடியதற்கு இல்லை. என் சித்தப்பா சீட்டாட்டத்தில் தன் பங்கு மனையையே விட்டவர். அப்பாவுக்கு எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கேள்விதான் வரும் என்று பிறகு அம்மா சொன்னாள்.

‘கேம் டிசைன்’ என்று இன்று காலேஜில் பாடமே இருக்கிறது. ஒரு கேம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க, அப்பாவின் கேள்வியைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்களும் பொருத்திப் பாருங்கள்.

முதலில், காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷின். 1978-ல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-ல் ‘பேக்-மேன்’ என்று உலகம் பைத்தியம் பிடித்து ஆடியது. அங்கே நீங்கள் தோற்றால்தான் அடுத்த காசு விழும். பல மெஷின்களுக்குள் குட்டிக் குட்டி சுவிட்சுகள் இருந்தன. எத்தனை லைஃப், எவ்வளவு கஷ்டம் என்பதைக் கடைக்காரரே அதில் மாற்றி வைக்கலாம். செத்ததும் ‘தொடர வேண்டுமா?’ என்று கேட்டு 10, 9, 8 என்று எண்ணும் பாருங்கள், அது உங்கள் பாக்கெட்டைப் பார்த்து எண்ணுவது.

அடுத்தது வீட்டு கன்ஸோல். ஒரு தடவை கேசட்டை விற்றாயிற்று, காசு வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு நீங்கள் தோற்றால் கம்பெனிக்குப் பைசா லாபமில்லை. மூன்று லைஃப், தீர்ந்தால் முதலிலிருந்து என்ற ஆர்கேட் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது வாஸ்தவம்தான். ஆனால் நம்மை ஜெயிக்கவைக்க வேண்டும் என்ற அக்கறையும் கூடவே வந்தது.

உதாரணம், 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. மொத்த கேமும் 40 கிலோபைட். இன்று ‘குட்மார்னிங்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ரோஜாப்பூ படம் அதைவிடப் பெரிது. இடம் பத்தாமல் மேகத்துக்கு வரைந்த படத்தையே பச்சையடித்துப் புதராக்கினார்கள்.

அதன் முதல் ஸ்டேஜை ஷிகெரு மியாமோட்டோ குழுவினர் அமைத்திருக்கும் அழகைப் பாருங்கள். மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறார், வலது பக்கம் காலி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். முதல் எதிரி மெதுவாக வருகிறான். மோதினால் சாவு. ஆனால் ஆரம்பத்திலேயே என்பதால் நஷ்டம் சில வினாடிதான். காளான் வெளியே வந்து ஓடி, குழாயில் முட்டி, நம்மிடமே திரும்பி வருகிறது. அது நல்லது என்று நாமே தெரிந்துகொள்கிறோம். கொஞ்ச தூரத்தில் இரண்டு படிக்கட்டு, நடுவில் தரை. விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டினால் அதே மாதிரி இரண்டு படிக்கட்டு, நடுவில் நிஜப் பள்ளம். முதலில் பத்திரமாகப் பழக்கிவிட்டு அப்புறம்தான் பரீட்சை. எனக்கு அக்கவுன்டன்ஸி எடுத்தவர் இப்படி எடுத்திருந்தால் நான் சி.ஏ.வே முடித்திருப்பேன்.

இனி மகனின் கேம். ‘‘எனக்கும் சொல்லிக் கொடு’’ என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். இலவசம்தான். நாலு ஆட்டம் சுகமாகப் போனது. ஐந்தாவதில் தோற்றேன். உடனே ஒரு கடை திறந்தது. நல்ல துப்பாக்கி, நல்ல சட்டை, ‘இந்தச் சலுகை இன்னும் 10 நிமிடம் மட்டுமே’. கடிகாரம் ஓடுகிறது. 9:59, 9:58... அதே ஆர்கேட் எண்ணிக்கை! விலை ரூபாயில் இல்லை, கலர் கலர் நாணயத்தில். நிஜப் பணம் செலவாகிறது என்பதே மறந்துபோகிறது. போதாததற்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டி வேறு. இந்த மாதிரிப் பெட்டிகளை பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. பணம் கட்டிப் பொம்மைச் சட்டை வாங்குவது வேறு கதை.

‘‘டேய், இதுல நீ தோத்தா யாருக்கு லாபம்?’’ என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் யோசித்தான்.

அடுத்த ஞாயிறு நண்பர் வீட்டுக்கு மூன்று தலைமுறையும் போனோம். அங்கே பிளேஸ்டேஷன் 5 இருந்தது. ‘வெண்பா’ போட்டார்கள். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், சமைக்கும் அம்மா, தமிழ் மறக்கும் மகன். 2024-ல் பாஃப்டா விருதும் வாங்கியிருக்கிறது. ஒரு தடவை காசு கொடுத்தால் சரி, உள்ளே கடை கிடையாது. கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி வார்க்க வேண்டும். தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதில் என் மகன் திணறினான்.

‘‘குழிக்கு மேல குழி வரக் கூடாதுடா. மாத்தி வை, ஆவி எப்படிப் போகும்?’’ என்றாள் பின்னாலிருந்து அம்மா. வாழ்க்கையில் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதில்லை. மகன் திரும்பிப் பாட்டியைப் பார்த்தான். தப்பாக வைத்திருந்தாலும் என்ன, இன்னொரு தடவை வைத்திருப்பான். யாருக்கும் நஷ்டமில்லை.

2,793 ரூபாயை வாரம் நூறு வீதம் பாட்டிக்குத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்பந்தம். கணக்கு நோட்டு என்னிடம். இதுவரை நாலு வாரம் கட்டியிருக்கிறான்.

நேற்று இந்தக் கட்டுரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: ‘‘உங்க பத்திரிகையில தொடர்கதைய பரபரப்பான இடத்துல நிறுத்தி ‘தொடரும்’னு போடுறீங்களேப்பா, அது யாருக்கு லாபம்?’’

நல்ல கேள்வி. பதிலை அடுத்த வாரம் சொல்கிறேன்.