ஒரு மீட்டர் உயரம்

வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் தெருவோரப் பெட்டியான பில்லர் பாக்ஸைத் தரையிலிருந்து பெயர்த்து, மேடை கட்டி, அதன்மேல் மறுபடி பொருத்துவது பார்வைக்குச் சின்ன வேலை. 2021 மழைவெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் தாழ்வான பகுதிகளில் இந்தப் பெட்டிகளை ஒரு மீட்டர் உயர்த்தும் பணியை மின்வாரியம் முடுக்கிவிட்டது. கொருக்குப்பேட்டையில் அந்த வேலையை அருகில் நின்று பார்த்தேன்.

ரயில் பாதைகளுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் சிக்கிய ஊர் இது. கால்வாய் நிரம்பிவிட்டால் தெருத் தண்ணீர் வடிய வழியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போடும் ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது, பெட்டி தாழ்கிறது.

டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைச் சுமார் 400 வோல்ட்டாகக் குறைத்து அனுப்ப, அந்த மின்சாரம் தரையடி கேபிளில் இந்தப் பெட்டிக்கு வந்து, பியூஸ் கட்டைகள் வழியே வீடுகளுக்குப் பிரிகிறது. மழைநீரும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இந்தப் பகுதிக்குத் தெரியும். பக்கத்தில் உள்ள கொடுங்கையூரில், 2017 நவம்பர் 1 அன்று, தேங்கிய நீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள்.

வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தும் அனுமதியான லைன் கிளியர் வாங்கி, டிரான்ஸ்பார்மரில் சப்ளையை நிறுத்திய பிறகும் லைன்மேன் உடனே பெட்டியில் கை வைக்கவில்லை. உள்ளே வரும் கேபிளைச் சோதித்தார். வீடுகளுக்குப் போகும் கேபிள்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எங்கோ ஒரு கடையில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் மின்சாரம் பின்வழியாகத் திரும்பி வரும். அப்படி வந்த மின்சாரத்துக்குப் பலியான தொழிலாளர்கள் உண்டு.

அடுத்து, கேபிள் முனைகளில் சிவப்பு, மஞ்சள், நீல டேப் சுற்றினார்கள். இரண்டு பேஸ் இடம் மாறினாலும் பட்டறை மோட்டார் தலைகீழாகச் சுற்றும். கழற்றும்போது பேஸ் முதலில், நியூட்ரல் கடைசியில். மாட்டும்போது நியூட்ரல் முதலில். இளம் ஹெல்பர் ஒருவர் அவசரப்பட, குழுவில் மூத்தவரான பெரியவர் தடுத்தார்: "கரண்ட் இல்லன்னாலும் இந்த வரிசைய மாத்தாத தம்பி. நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா தெருவுல ஒரு டிவி மிஞ்சாது."

கடினமான வேலை மண்ணுக்குள் இருந்தது. பெட்டி ஒரு மீட்டர் மேலே போனால் கேபிளும் அவ்வளவு நீள வேண்டும். பள்ளத்தைப் பின்னோக்கித் தோண்டி, கேபிளில் தளர்வு தேடினார்கள். கிடைக்காத இடத்தில் புதுத் துண்டு சேர்த்து ஜாயிண்ட் போட வேண்டும். அதில்தான் பெரியவருக்கு விருப்பமில்லை. "ஜாயிண்ட் இருக்கற எடத்ததான் தண்ணி மொதல்ல தேடும்" என்றார்.

இந்த உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசர ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் பெரும்பாலும் அடித்தளத்தில் இருந்தன. சுனாமி அவற்றை மூழ்கடித்தது. உலைகளைக் குளிர்விக்க வழியின்றிப் போனது. மின்கருவியைத் தண்ணீருக்கு மேலே வை என்ற பாடம் அணு உலைக்கும் கொருக்குப்பேட்டைச் சந்துக்கும் ஒன்றுதான்.

ஆனால் பெட்டிக்குக் கொடுக்கும் பாதுகாப்பை அதை உயர்த்துகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். நல்ல ரப்பர் கையுறை, எர்த் ராடு, பணி நிரந்தரம் ஆகியவற்றை ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அவை சலுகை அல்ல, உரிமை.

நம் பங்கும் உண்டு. பில்லர் பாக்ஸில் கொடிக்கயிறு கட்டாதீர்கள், குப்பை சேர்க்காதீர்கள். கதவு திறந்து கிடந்தாலோ கேபிள் வெளியே தெரிந்தாலோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்கு உடனே சொல்லுங்கள். மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.