தொட்டிக்குள் ஓர் அமானிதம்

சென்ற ஆண்டு பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்க, விரல் நீளமுள்ள இரண்டு செவ்வால் கெளுத்திகளை வாங்கி நான்கடித் தொட்டியில் விட்டோம். ஓராண்டுக்குள் இரண்டும் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டன. இஷாவுக்குப் பின் விளக்கணைத்தால் மோதும் ஓசை கேட்கும். ஒருநாள் ஸுப்ஹு வேளையில் பார்த்தபோது, சிறியது துடுப்பு கிழிந்து, மீசையொன்று அறுந்து, மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

“பெரியது பொல்லாதது வாப்பா” என்றான் இளைய மகன். நாமும் அவ்வாறே எண்ணினோம்.

விசாரித்த பின்னரே உண்மை விளங்கியது. அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இம்மீன் ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. இரவில் இரை தேடுவது. சுவையறியும் உறுப்பும் அதன் மீசையே. ஆற்றில் தோற்ற மீன் விலகிச் சென்றுவிடும். தொட்டியில் விலக இடமேது? நாம் பகையென்று கண்டது நெருக்கடியே.

பூனையை அடைத்து, உணவளிக்காமலும் இரை தேட விடாமலும் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். சிறுவர் அபூ உமைர் சிறு பறவை வளர்த்ததை நபியவர்கள் தடுக்கவில்லை. எனவே வளர்ப்பது கூடும். ஆனால் அடைத்து வைப்பவர் மீது உணவு மட்டுமன்று, இடமும் கடமையல்லவா?

ஆற்றில் விட்டால் நாட்டு மீன்களை விழுங்கிவிடும். ஆகவே தனித்தனிக் குளங்கள் உள்ள பண்ணையாளர் ஒருவரிடம் இரண்டையும் ஒப்படைத்தோம்.

“அப்படியானால் பெரியது பொல்லாதது இல்லையா வாப்பா?”

“இல்லை மகனே, பிழை நம்முடையது” என்றோம். அல்லாஹ் எம்மை மன்னிப்பானாக.